எம்.எஸ்சி. படிச்சிட்டு மாடியில கீரை போடலாமா?



கொஞ்ச நாளா என்கிட்ட ஒரே மாதிரி கேள்வி வருது. "ஐயா, என் பையன் மேல்படிப்பு படிக்கிறான், திடீர்னு விவசாயம் பண்ணப் போறேன்னு நிக்கிறான், என்ன சொல்றது?" இது பெத்தவங்க கேக்கிறது. "எம்.எஸ்சி. முடிக்கப் போறேன், ஊர்ல நிலம் கிடையாது, சென்னையிலேயே இருந்துக்கிட்டு விவசாயம் பண்ண முடியுமா?" இது பிள்ளைங்க கேக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல பேசி மாளல. அதனால மொத்தமா இங்க எழுதிடறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வரட்டும், தாராளமா வரட்டும். ஆனா மாடியோட நின்னுடக் கூடாது. நகரத்துக்கு விவசாயம் பண்ணணும்னு நெனைக்கிற படிச்ச பிள்ளைக்கு நிஜமான வேலை ரெண்டு இடத்துல காத்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு, நகரத்தோட குப்பையில. இன்னொண்ணு, நகரத்தை ஒட்டி இன்னும் மிச்சம் இருக்கிற வயல்ல.

மாடிக் கணக்கு

மாடித்தோட்டத்தை நான் குறைச்சுப் பேசல. தோட்டக்கலைத் துறையே மானியத்துல பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்துக் கொடுத்து ஊக்கப்படுத்துது. வீட்டுக்குக் கீரை, மிளகாய், தக்காளி, நாலு கத்தரிக்காய் அதுலயே கிடைக்கும். செடி வளர்க்கிறவனுக்குத்தான் பூச்சின்னா என்ன, வெயில்னா என்னன்னு தெரியும். சித்திரை வெயில்ல ரெண்டு நாள் ஊருக்குப் போய்ட்டு வந்து பார்த்தா மொத்தமும் கருகிக் கிடக்கும். அப்போதான் விவசாயி ஏன் கல்யாணம் காட்சிக்குக் கூட நிம்மதியா போக மாட்டேங்கிறான்னு புரியும். அந்தப் பாடம் பெருசு.

ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? ஒரு சென்ட்டுன்னா 435 சதுர அடி சொச்சம். உங்க மாடி 600 சதுர அடின்னு வெச்சுக்கிட்டா ஒன்றரை சென்ட்டுக்கும் கம்மி. நாலு பேர் இருக்கிற குடும்பம் மாசம் 25 கிலோ அரிசி சாப்பிட்டா வருஷத்துக்கு 300 கிலோ. 100 கிலோ நெல்லை அரைச்சா சுமாரா 65 கிலோ அரிசி நிக்கும். அப்போ 460 கிலோ நெல் வேணும். எங்க வயல்ல ஏக்கருக்கு 25 மூட்டை, அதாவது 1,900 கிலோ பக்கம் எடுக்கிறேன். அந்தக் கணக்குப்படி ஒரு குடும்பத்துச் சோத்துக்கு மட்டும் 24 சென்ட் நிலம் வேணும். உங்க மாடி மாதிரி பதினேழு பதினெட்டு மாடி. இதுல பருப்பு, எண்ணெய், சர்க்கரை எதையும் சேர்க்கல.

அதனால மாடி உங்களுக்குப் பள்ளிக்கூடம். சோறு போடறது இப்பவும் வயல்தான். பள்ளிக்கூடத்துலயே காலத்தை ஓட்டிட முடியுமா?

வயலுக்கு வந்த ஒரு பொண்ணு

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணோட கதையைச் சொல்றேன். பேர் வேண்டாம். சென்னையில நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. படிச்சிட்டு இருந்துச்சு. அவங்க குடியிருப்பு மாடியில பத்துப் பை வெச்சு ஆரம்பிச்சது. உரம் விலை கொடுத்து வாங்கி வாங்கி, ஒரு நாள் யோசிச்சிருக்கு: கீழ தினமும் காய்கறித் தோலும் பழக்கழிவும் குப்பை வண்டியில போகுதே, அதை ஏன் நாமே மக்க வைக்கக் கூடாது?

அங்க 40 வீடு. ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி ஈரக் குப்பையைத் தனியா கொடுங்கன்னு கேட்டிருக்கு. முதல் மாசம் 9 வீடுதான் கொடுத்தாங்களாம். "எங்க வீட்டுக் குப்பையை எடுத்து நீ என்னம்மா பண்ணப் போற?"ன்னு சிரிச்சவங்களும் உண்டு. ஆறு மாசத்துல 40 வீடும் கொடுக்க ஆரம்பிச்சாங்க. படிச்ச பொண்ணு இல்லையா, தினமும் எடை போட்டு நோட்டுல எழுதி வெச்சிருக்கு. சராசரியா நாளைக்கு 25 கிலோ. காய்ஞ்ச இலையை இதோட கலந்து, ஈரம் பார்த்து, வாரம் ஒரு தடவை புரட்டிப் போட்டா மாசத்துக்கு 200 கிலோ பக்கம் மக்கின உரம் வருது. பத்துப் பைக்கு அவ்வளவு உரம் எதுக்கு? மிச்சத்தை யாருக்குக் கொடுக்கிறதுன்னு தேடித்தான் செங்கல்பட்டு வரைக்கும் மின்சார ரயில்ல வந்து, அங்கேர்ந்து பஸ் புடிச்சு எங்க வயலுக்கு வந்துச்சு.

நான் முதல்ல உரத்தைக் கையில எடுத்துப் பார்த்தேன். ஏன்னா நகரத்து உரம்னாலே எங்களுக்கு ஒரு பயம். எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் ஒரு லோடு இறக்கினார். பரப்பினதுக்கு அப்புறம் பார்த்தா கண்ணாடித் துண்டு, ஷாம்பு பாக்கெட், ஊசி. களை எடுக்க வந்த பொம்பளைங்க காலை வைக்க மாட்டோம்னுட்டாங்க. எல்லாக் குப்பையையும் ஒண்ணாக் கொட்டிட்டு அப்புறம் சலிச்சு உரம் எடுத்தா அப்படித்தான் இருக்கும். இந்தப் பொண்ணு கொண்டு வந்தது அப்படி இல்ல. வீட்டு வாசல்லயே பிரிச்சது. கறுப்பா, உதிரியா, மழை பெஞ்ச மண்ணு வாசத்தோட இருந்துச்சு.

இப்போ இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க. வேளாண் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் போடச் சொல்லுது. ஏக்கருக்கு 5 டன். அந்த 40 வீட்டுல இருந்து வருஷத்துக்கு ரெண்டரை டன் பக்கம் வருது. ஆக, 80 வீடு சேர்ந்தா ஒரு ஏக்கருக்கு ஒரு வருஷ உரம்! எங்க ஊர்ல மாடு குறைஞ்சு போச்சு. எரு ஒரு டிராக்டர் வேணும்னா நாலு ஊர் அலையணும். சென்னையில 5,000 டன்னுக்கு மேல குப்பை தினமும் சேருது. அதுல பாதிக்கு மேல மக்குற குப்பை. பாதின்னே வெச்சுக்கங்க, 2,500 டன். மக்கிச் சுருங்கி கால்வாசி நின்னாலும் 600 டன். ஒரே நாள் குப்பை 120 ஏக்கருக்கு உரம். அதைத்தான் பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் வருஷக்கணக்கா மலையா குவிச்சு, புகைய விட்டுக்கிட்டு இருந்தோம்.

2016ல வந்த திடக்கழிவு விதியே வீட்டுலயே பிரிச்சுத்தான் கொடுக்கணும்னு சொல்லுச்சு. விதி இருக்கு, பிரிக்கிற கை இல்ல. அந்தக் கையைப் பழக்கினது அந்தப் பொண்ணு. நகர விவசாயம்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இந்த வேலைதான்.

படிப்பு எங்க உதவுது?

ரெண்டாவது விஷயம் விலை. போன வருஷம் 10 சென்ட் சிறுகீரை போட்டேன். உழவு, விதை, ஆள் கூலி சேர்த்து 4,000 ரூபாய். 1,200 கட்டு வந்துச்சு. வியாபாரி கட்டு 6 ரூபாய்னு எடுத்தார், 7,200. மிச்சம் 3,200. தினமும் தண்ணி கட்டின என் உழைப்பும், விடியக்காலையில உக்காந்து கட்டு போட்ட எங்க வீட்டம்மா உழைப்பும் இந்தக் கணக்குல இல்ல. அதே கட்டு தாம்பரத்துல 20 ரூபாய்.

அந்தப் பொண்ணு ஒரு நோட்டை எடுத்து உக்காந்துச்சு. "ஐயா, 10 சென்ட்டையும் ஒரே நாள்ல விதைச்சா ஒரே நாள்ல பறிக்கணும், வியாபாரி சொன்ன விலைதான். வாரத்துக்கு ரெண்டு சென்ட்டா விதைச்சா வாரா வாரம் கீரை வரும் இல்லையா?"ன்னு கேட்டுச்சு. அஞ்சு வாரத்துல 10 சென்ட்டும் சுத்தி வந்துடும், கீரை பறிச்ச பாத்தி ஒரு வாரம் காயும். எனக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா வாரா வாரம் வாங்க ஆள் யாருன்னுதான் எனக்குத் தெரியல. அதுக்கு அந்த 40 வீடு இருந்துச்சு. புதன், சனி ரெண்டு நாள், நாளைக்கு 60 கட்டு, கட்டு 12 ரூபாய். குப்பை வர்ற வழியிலேயே கீரை திரும்பிப் போகுது. மீதியை வழக்கம் போல வியாபாரிக்குக் கொடுக்கிறேன், அவரையும் பகைச்சுக்க முடியாது.

எல்லாம் சுகமா போச்சுன்னு நெனைக்காதீங்க. ஐப்பசி அடைமழையில கீரை அத்தனையும் அழுகிப் போச்சு. ரெண்டு வாரம் ஒரு கட்டு கூட அனுப்ப முடியல. 12 வீடு "சரியா வரமாட்டேங்குது"ன்னு நின்னுட்டாங்க. அந்தப் பொண்ணு முகம் வாடிப் போச்சு. "இதுதான்மா விவசாயம், பாடப்புத்தகத்துல இருக்கிற மழை வேற, பாத்தியில நிக்கிற மழை வேற"ன்னேன். அடுத்த வருஷம் மேட்டுப்பாத்தி போட்டு, மழை மாசத்துக்குக் கீரையைக் குறைச்சு, முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும் பூவும் அனுப்பலாம்னு இப்போ ஒரு யோசனை வெச்சிருக்கோம்.

இதுக்கு நடுவுல அவங்க அப்பா போன் பண்ணார். "சார், கல்விக்கடன் வாங்கிப் படிக்க வைக்கிறேன். படிச்ச பொண்ணை மண்ணு கிளற வைக்கிறீங்களே, நியாயமா?" அவர் கோபத்துல தப்பு இல்ல. என் பையனே ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போறான், நான் போக வேண்டாம்னு சொல்லல. ஒண்ணே முக்கால் ஏக்கர்ல ரெண்டு குடும்பம் பிழைக்க முடியாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஒரு விவசாயி கையில இருக்கிற சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கருக்கும் கம்மி. அப்படி இருக்கிறப்போ நிலமே இல்லாத ஒரு பொண்ணு கடனை வெச்சுக்கிட்டு குத்தகைக்கு எடுத்து வாழ்ந்துடுவேன்னு சொன்னா நானும் தடுக்கத்தான் செய்வேன்.

அவர்கிட்ட சொன்னதை உங்ககிட்டயும் சொல்றேன். "சார், படிப்பை நிறுத்த நான் சொல்ல மாட்டேன். முடிக்கட்டும். வேலைக்கும் போகட்டும். ஆனா அது படிச்ச படிப்பு எங்க மண்ணுக்கு வேணும். எனக்கு மண் பரிசோதனைக் காகிதம் கையில இருந்தும் அதுல கார்பன் என்ன, உப்பு என்னன்னு எடுத்துச் சொல்ல ஆள் இல்ல. அதைச் சொல்றது அந்தப் பொண்ணுதான்."

முன்னாடி போனவங்க

படிச்சவங்க விவசாயத்துக்கு வர்றது புதுசு இல்ல. நம்மாழ்வார் ஐயா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல வேளாண்மை படிச்சவர். 1963ல கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரி விவசாயியால வாங்கவே முடியாத இடுபொருளை வெச்சு அங்க ஆராய்ச்சி நடக்குதேன்னு மனசு ஒட்டாம 1969ல வெளிய வந்தார். அவர் கத்துக்கிட்டது அதுக்கு அப்புறம் ஊர் ஊரா நடந்து, விவசாயிங்க கிட்ட உக்காந்து. அதுக்கும் முன்னாடி ஆல்பர்ட் ஹோவர்டுன்னு ஒரு வெள்ளைக்காரர். தாவரவியல் படிச்சவர், 1905ல பீகார்ல பூசாவுக்கு வந்தார். நம்ம விவசாயிங்களையும் பயிர்ல விழுற பூச்சியையும் வாத்தியாரா வெச்சுக் கத்துக்கிட்டவர். இன்னைக்கு உலகம் முழுக்கப் பேசுற இந்தூர் மக்கு உர முறை அவர் இங்க இருந்து எடுத்துக்கிட்டுப் போனதுதான்.

அந்தப் பொண்ணு எனக்குச் சொன்ன இன்னொரு கதை கல்கத்தாவுல நடந்தது. துருபஜ்யோதி கோஷ்னு ஒரு பொறியாளர். 1980கள்ல, நகரத்துச் சாக்கடைத் தண்ணி எல்லாம் என்ன ஆகுதுன்னு பார்க்கப் போனார். கால்வாய் வழியே கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்தா, மீனவங்களும் விவசாயிங்களும் அந்தத் தண்ணியை ஆழம் இல்லாத ஏரிகள்ல தேக்கி வெச்சிருக்காங்க. வெயில் படுது, பாசி வளருது, மீன் பாசியைத் தின்னுது. தெளிஞ்ச தண்ணி நெல்லுக்கும் காய்கறிக்கும் போகுது. காசு போட்டுக் கட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தோட வேலையை ஏழை ஜனங்க பல தலைமுறையா செஞ்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அவர் புதுசா எதையும் கண்டுபிடிக்கல. அவங்க செய்யறதை அளந்து, எழுதி, உலகத்துக்குக் காட்டினார். அந்த இடத்தைக் கட்டடம் கட்டாம காப்பாத்தணும்னு 1992ல கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. 2002ல சுமார் 12,500 ஹெக்டேரும் ராம்சார் பட்டியல்ல ஏறிச்சு.

பட்டம் வாங்கினவங்க செய்ய வேண்டியது இதுதான்னு நான் நெனைக்கிறேன். எங்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும். அளந்து எழுதி, அதிகாரி முன்னாடியும் கோர்ட்டுலயும் பேசத் தெரியாது.

வயலே இல்லாம போனா?

இதை ஏன் அவசரமா சொல்றேன்னா, நகரத்தை ஒட்டின வயல் கண் முன்னாடி போய்க்கிட்டு இருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் கல்லு நட்டு, கொடி கட்டி, 'மனைகள் விற்பனைக்கு'ன்னு பலகை. வித்தவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, கடன். ஆனா நடுவுல ஒருத்தர் வித்தா, மனை போடறவங்க முதல்ல வாய்க்காலைத்தான் தூர்ப்பாங்க. கீழ் வயலுக்கு ஏரித் தண்ணி வராது. மழை பெஞ்சா மேல் வயல்ல தேங்கின தண்ணி வடியாது. ரெண்டு போகம் பார்த்துட்டு அவரும் வித்துடுவார். அடுத்து அவருக்குக் கீழ இருக்கிறவர். இப்படித்தான் ஒரு ஏரிப் பாசனமே காணாம போகுது. 2015லயும் 2023லயும் சென்னை தண்ணியில மிதந்தப்போ, தண்ணி தங்கிப் போற ஏரியும் வயலும் இல்லாம போனதையும் சேர்த்துத்தான் நெனைச்சுப் பார்க்கணும்.

இன்னும் பத்து வருஷம் கழிச்சு, நல்லாப் படிச்ச, நல்ல மனசு இருக்கிற ஒரு பிள்ளை உரத்தைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறி வந்தா, இறங்கிப் போட வயல் இருக்குமா? எனக்கு ராத்திரித் தூக்கம் கெடறது இந்தக் கேள்வியாலதான்.

என்ன செய்யலாம்?

பிள்ளைங்களுக்கு: படிப்பை முடிங்க. ஒரு விவசாயியைப் பிடிச்சுக்கங்க, ஒரு முழு வருஷம் வாரம் ஒரு நாள் போங்க. எங்க பக்கம்னா சொர்ணவாரி, சம்பா, நவரை மூணு போகத்தையும் பாருங்க. வெயிலையும் அடைமழையையும் பார்க்காம முடிவு எடுக்காதீங்க. முதல் மாசத்துலயே "நீங்க பண்றது தப்பு"ன்னு ஆரம்பிக்காதீங்க. களை எடுக்கிற பொம்பளைங்க கிட்டயும் பேசுங்க, மண்ணைப் பத்தி எங்களை விட அவங்களுக்கு அதிகம் தெரியும். நோட்டு போட்டு வரவு செலவு எழுதுங்க. உப்பு உரத்தை விட்ட மண்ணு திரும்பத் தெம்பு பிடிக்க எங்க அனுபவத்துல மூணு வருஷம் ஆகுது. அதுவரைக்கும் உங்க வயித்துக்கு வேற சம்பளம் வெச்சுக்கங்க.

பெத்தவங்களுக்கு: பிள்ளை மண்ணைத் தொட்டா படிப்பு வீணாப் போச்சுன்னு அழாதீங்க. கணக்கு கேளுங்க. கணக்கு சொன்னா நம்புங்க.

மத்தவங்களுக்கு: எல்லாரும் விவசாயி ஆக வேண்டாம். ஈரக் குப்பையை ஒரு பிளாஸ்டிக் இல்லாம தனியா கொடுங்க. பக்கத்துல இருக்கிற ஒரே ஒரு விவசாயி கிட்ட வருஷம் பூரா வாங்குங்க. மழையில ரெண்டு வாரம் கீரை வராட்டியும் விட்டுட்டுப் போகாதீங்க, அந்த ரெண்டு வாரத்துலதான் அவர் நிலத்தை வைக்கிறதா விக்கிறதான்னு யோசிக்கிறார். மனை வாங்கப் போறவங்க, அந்த இடத்துல வாய்க்கால் இருந்துச்சான்னு ஊர்க்காரங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முன்பணம் கொடுங்க.

அந்தப் பொண்ணு படிப்பை முடிச்சிடுச்சு. மண் பரிசோதனைக் கூடம் ஒண்ணுல வேலை. சனிக்கிழமை ஆனா உரமும் நோட்டுமா வந்துடுது. நின்னு போன 12 வீட்டுல 5 வீடு திரும்பி வந்திருக்கு. இன்னும் ஒரு 40 வீடு சேர்ந்தா என் நிலத்துல ஒரு ஏக்கருக்கு வெளிய உரம் வாங்க வேண்டியதில்லை. உங்க குடியிருப்புல அப்படி ஒரு ஆரம்பம் வைக்க யாருக்காவது மனசு இருந்தா சொல்லுங்க. எங்க ஏரிக்குக் கீழ இன்னும் பத்துப் பதினஞ்சு விவசாயிங்க நிலத்தை விக்காம வெச்சிருக்கோம்.